எண்பத்தொன்பதும் இருபத்தொன்பதும்

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கு,

 

தியானப் பகுதி: எண்ணாகமம் 14-ஆம் அதிகாரம், 1 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரம்.

கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து நான் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவர் தமது கைப்பேசியை நீட்டினார். ஆட்சியில் இருக்கும் ஒரு தலைவருக்கு மக்களிடையே எத்தனை சதவீதம் ஆதரவு இருக்கிறது என்று கூறும் ஒரு படம் அதில் இருந்தது. யார் எடுத்தது, எப்போது எடுத்தது, எத்தனை பேரைக் கேட்டது என்று ஒன்றும் அதில் இல்லை. “ஐயா, இதை நம்பலாமா?” என்று கேட்டார். “இதற்கு வாசலில் நின்று பதில் சொல்ல முடியாது தம்பி, எழுதுகிறேன்” என்றேன். அந்தக் கேள்வி என்னை இரண்டு இடங்களுக்குக் கொண்டுபோயிற்று. ஒன்று, நான் படித்த இறையியல் கல்லூரியின் வகுப்பறை. மற்றொன்று, நான் முன்பு ஊழியம் செய்த ஒரு சபையின் கல்லறைத் தோட்டம். முதலாவதைச் சொல்ல எனக்கு மகிழ்ச்சி. இரண்டாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயினும் சொல்லத்தான் வேண்டும்.

1991-ஆம் ஆண்டு. வளைகுடாப் போர் முடிந்து, குவைத் விடுவிக்கப்பட்டிருந்த சமயம். எங்கள் பழைய ஏற்பாட்டு ஆசிரியர் நாளிதழில் வந்த ஒரு சிறு செய்தியைக் கத்தரித்து வகுப்பறைப் பலகையில் ஒட்டினார். அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் அவர்களின் பணியை அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு 89 பேர் ஏற்கிறார்கள் என்று கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு கூறியது. ஆசிரியர் அதைப் பற்றி ஒன்றும் விளக்கவில்லை. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்து, 1992-இன் நடுப்பகுதியில், அதன் அருகிலேயே இன்னொரு செய்தியை ஒட்டினார். அதே மனிதர், அதே கேள்வி, இப்போது 29. அந்த நவம்பர் மாதத்தில் புஷ் தேர்தலில் தோற்று, பில் கிளின்டன் வென்றார்.

ஆசிரியர் எங்களைப் பார்த்து, “இந்த இரண்டு எண்களில் எது அந்த மனிதர்?” என்று கேட்டார். வகுப்பில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. “நீங்கள் ஊழியத்துக்குப் போனபின் உங்களுக்கும் இந்த இரண்டு எண்களும் வரும். அப்போது இந்தப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு, அன்றைய பாடத்துக்குள் போய்விட்டார்.

அன்றுமுதல் இந்த எண்களின் வரலாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்து வந்திருக்கிறேன். நாம் கேலியாகப் பேசுவதுபோல் இவை வெறும் பொய்க் கணக்குகள் அல்ல. “ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்று நம் தாய்மார் அறிந்திருக்கிறார்களே, அதே தத்துவம்தான் இங்கும். ஆனால் அந்தப் பழமொழிக்குள் சொல்லப்படாத ஒரு நிபந்தனை உண்டு. பானையைக் கிளறிய பின்பே சோற்றை எடுத்துப் பார்க்க வேண்டும். மேலாக இருப்பதை மட்டும் எடுத்தால் அடியில் வேகாதது தெரியாது.

1936-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற புகழ்பெற்ற பத்திரிகை, ஜனாதிபதித் தேர்தலை முன்னிட்டு ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு அட்டைகளை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் அதிகமானோர் பதில் எழுதினார்கள். ஆல்ஃப்ரெட் லாண்டன் வெல்வார் என்று பத்திரிகை அறிவித்தது. முடிவில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். நடந்தது என்னவென்றால், அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவேடுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலத்தில் தொலைபேசியும் காரும் யார் வீட்டில் இருந்திருக்கும்? மேலும், அட்டை கிடைத்தவர்களிலும் பதில் அனுப்ப அக்கறை காட்டியவர்கள் ஒரு பகுதியினரே. ஜார்ஜ் கேலப் என்பவர் அதற்கு முந்தைய ஆண்டுதான் தமது நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். அவர் இதைவிட மிகச் சிறிய கூட்டத்தைக் கேட்டும், ரூஸ்வெல்ட்தான் வெல்வார் என்று சரியாகச் சொன்னார். அந்தப் பத்திரிகை 1938-இல் நின்றுபோயிற்று.

எனவே, எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதைக் காட்டிலும் யாரைக் கேட்டார்கள் என்பதே முக்கியம். பாரபட்சமின்றிக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்த ஏறத்தாழ 1,000 பேரைக் கொண்டே ஒரு பெரிய தேசத்தின் மனநிலையை மூன்று சதவீதம் முன்பின்னாக அறிந்துவிடலாம் என்பது கணித உண்மை. அன்புத் தம்பி, உங்கள் கைப்பேசிப் படத்தைப் பற்றிய முதல் பதில் இதுவே. யார் கேட்டார்கள், யாரைக் கேட்டார்கள், எந்நாளில் கேட்டார்கள், எந்த வார்த்தைகளில் கேட்டார்கள் என்பவை இல்லாத எண்ணை நம்பவும் வேண்டாம், பிறருக்கு அனுப்பவும் வேண்டாம்.

ஆனால் சரியாக எடுக்கப்பட்ட எண்ணிலும் ஒரு எல்லை உண்டு. எத்தனை பேர் என்று அது சொல்லும். ஏன் என்று அது சொல்லாது.

கேலப் நிறுவனம் ஹாரி ட்ரூமன் காலம்முதல் பல்லாண்டுகள் தொடர்ந்து கேட்டுவந்த கேள்வி எளிமையானது: ஜனாதிபதி தமது பணியைச் செய்யும் விதத்தை ஏற்கிறீர்களா, ஏற்கவில்லையா? 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் திடீரென மரித்ததால் ட்ரூமன் பதவிக்கு வந்தார். ஐரோப்பாவில் போர் முடிந்த அந்த நாட்களில் அவருக்குக் கிடைத்த ஆதரவு 87. ஏழு ஆண்டுகள் கழித்து, 1952 பிப்ரவரியில் அது 22. அந்த நிறுவனம் இத்தனை ஆண்டுகளாக எடுத்த கணிப்புகளில் எந்த அமெரிக்க ஜனாதிபதிக்கும் இதைவிடக் குறைவான எண் வந்ததில்லை.

அந்த வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. கொரியப் போர் முடிவின்றி நீண்டது. விலைவாசி உயர்ந்தது. அவருடைய நிர்வாகத்தில் இருந்த சிலர்மீது ஊழல் குற்றச்சாட்டுகளும் எழுந்தன. இவற்றோடு, மக்களால் கொண்டாடப்பட்ட தளபதி டக்ளஸ் மெக்கார்தரை 1951 ஏப்ரலில் அவர் பதவிநீக்கம் செய்தார். போரை விரிவாக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசி, ஜனாதிபதியின் கொள்கையைத் தளபதி மீறியிருந்தார். நாடு தளபதியின் பக்கம் நின்றது. நியூயார்க் நகரில் இலட்சக்கணக்கானோர் அவரை வரவேற்றார்கள். படைக்குமேல் மக்களால் தெரிந்துகொள்ளப்பட்ட அரசே அதிகாரம் செலுத்த வேண்டும் என்பதற்காக ட்ரூமன் அந்தக் கோபத்தைச் சுமந்தார். அதற்கு முன்னரே, 1948 ஜூலையில், தேர்தலுக்குச் சில மாதங்களே இருக்கையில், ராணுவத்தில் நிறவேற்றுமையை நீக்கும் ஆணையில் அவர் கையொப்பமிட்டிருந்தார். அன்றைய அமெரிக்காவில் அது வாக்குச் சேர்க்கும் காரியம் அல்ல. தென்மாநிலத்துக் கட்சிக்காரர்களில் ஒரு பகுதியினர் பிரிந்துபோய்த் தனி வேட்பாளரையே நிறுத்தியிருந்தார்கள்.

ட்ரூமன் பாப்டிஸ்டு சபையைச் சேர்ந்தவர். அவர் தமக்காக எழுதிவைத்த தனிக் குறிப்பு ஒன்றில் இந்தக் கணிப்புகளைக் குறித்து யோசித்திருக்கிறார். மோசே எகிப்தில் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்திருந்தால் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்றும், நம் ஆண்டவர் இஸ்ரவேல் நாட்டில் அப்படிச் செய்திருந்தால் எதைப் பிரசங்கித்திருப்பார் என்றும் அங்கே கேட்கிறார். இதை முதன்முதலில் வாசித்தபோது எண்ணாகமம் 14-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். மோசேக்கு என்ன எண் வந்திருக்கும் என்று நாம் ஊகிக்கத் தேவையில்லை. அங்கே முழுச் சபையும் இராமுழுவதும் அழுகிறது. வேறொரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்கே திரும்புவோம் என்று ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளுகிறது. தேசத்தை வேவு பார்த்துவந்த பன்னிருவரில் பத்துப்பேர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். அந்த நாளில் கணிப்பு எடுத்திருந்தால் யோசுவாவும் காலேபும் கல்லெறிந்து கொல்லப்பட வேண்டியவர்கள் என்பதே முடிவாக வந்திருக்கும்.

இதுவரை வாசித்தவர்கள், “மக்களுக்குப் பிடிக்காததைச் செய்பவனே உத்தமன்” என்று முடிவுகட்டிவிடலாம். அவசரம் வேண்டாம். ட்ரூமனுக்கு 22 வந்ததுபோல, 1974 ஆகஸ்டில் ரிச்சர்ட் நிக்சனுக்கு 24 வந்தது. இரண்டு எண்களுக்கும் நடுவே அதிக வேறுபாடு இல்லை. ஆனால் நிக்சனின் வீழ்ச்சிக்கு வாட்டர்கேட் காரணம். உண்மையை மூடிமறைக்க அவர் செய்த முயற்சி வெளிச்சத்துக்கு வந்தது. அவர் பதவி விலகினார். அங்கே மக்கள் சரியாகவே கண்டுகொண்டார்கள். ட்ரூமனையோ, பிற்காலத்து வரலாற்றாசிரியர்கள் உயர்வாக மதிக்கிறார்கள். சி-ஸ்பான் தொலைக்காட்சி 2021-இல் அவர்களிடம் எடுத்த கணிப்பில் அவர் எல்லா ஜனாதிபதிகளிலும் ஆறாவது இடத்தில் இருந்தார். அதுவும் ஒரு கணிப்புத்தான் என்பதை மறக்க வேண்டாம், நாளை மாறலாம். குறைந்த எண் ஒருவனுடைய உறுதியாலும் வரும், அவனுடைய அக்கிரமத்தாலும் வரும். எண்ணைப் பார்த்து எது எது என்று அறிய முடியாது. ஜான் கென்னடிக்கு அவருடைய ஆட்சியிலேயே மிக உயர்ந்த ஆதரவான 83 எப்போது வந்தது தெரியுமா? 1961-இல் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் அவருடைய திட்டம் படுதோல்வி அடைந்த பின்பு. ஆபத்து வேளையில் மக்கள் தலைவனைச் சூழ்ந்து நிற்பார்கள். அவன் செய்தது சரியா என்பது அப்போது அவர்கள் மனதில் இருக்கும் கேள்வி அல்ல.

இனி, கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறேன்.

நான் முன்பு ஊழியம் செய்த அந்தச் சபையின் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் இருந்தது. அது ஏன் அங்கே இருந்தது என்று நம் நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே திருவிருந்தில் பங்குபெற்றவர்கள், மரித்தபின் சுவரின் இரண்டு பக்கங்களில் அடக்கம்பண்ணப்பட்டார்கள். வந்த முதல் ஆண்டிலேயே அதைக் குறித்துப் பேச வேண்டும் என்று தீர்மானித்து, எபேசியர் இரண்டாம் அதிகாரத்திலிருந்து ஒரு பிரசங்கத்தை எழுதியும் வைத்திருந்தேன். அதற்கு ஞாயிறும் குறித்தாயிற்று.

அந்த வாரத்தில், சேகரக் கமிட்டியார் ஒரு நல்ல நோக்கத்தோடு, போதகரின் ஊழியத்தைப் பற்றிச் சபையாரின் கருத்தைக் கேட்க விரும்பினார்கள். பத்துக் கேள்விகள் அடங்கிய தாள் ஒன்றை வாலிபர்கள் தயாரித்தார்கள். பிரசங்கம் பயனுள்ளதா, வீடுகளைச் சந்திக்கிறாரா, பிள்ளைகளோடு அன்பாகப் பழகுகிறாரா என்பன போன்ற கேள்விகள். இரண்டு ஞாயிறுகள் ஆராதனைக்குப் பின் அந்தத் தாள்கள் கொடுக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. நான் குறித்த ஞாயிறு அவற்றில் முதலாவது.

சனிக்கிழமை இரவு அந்தப் பிரசங்கத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, நல்ல மேய்ப்பனைக் குறித்து வேறொன்றை எடுத்துக்கொண்டேன். சபையின் சமாதானத்துக்காகச் செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இடமாற்றங்களைத் தீர்மானிக்கும் மாதம் நெருங்குகிறது என்பதும், என் மகள் அந்த ஊரில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள் என்பதும் என் மனதில் இருந்தன.

முடிவு மிக நன்றாக வந்தது. கமிட்டியில் அதை வாசித்துக் கைதட்டினார்கள். நான் அன்றிரவு அந்தத் தாள்களை வீட்டுக்கு எடுத்துக்கொண்டுபோய், மனைவி உறங்கிய பின் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டாம் முறையும் பார்த்தேன்.

அந்த வாரம் மழை. கிளைச் சபையில் ஒரு முதியவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சுவரின் அந்தப் பக்கத்தில், முழங்கால் அளவு சேற்றில் குழி வெட்டி அவரை அடக்கம்பண்ணினோம். மேடான நிலம் சுவருக்கு இந்தப் பக்கத்தில் இருந்தது. எல்லாரும் கலைந்தபின், அவருடைய மனைவி என்னிடம் வந்து கைகூப்பினார்.

“ஐயா, உங்களுக்கு நல்ல மார்க்கு வந்திருக்காம்லா. பேரன் சொன்னான். சந்தோசம் ஐயா.”

அந்த அம்மா அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, மனதார வாழ்த்தினார். “உங்களுக்கும் தாள் குடுத்தாங்களா அம்மா?” என்று கேட்டேன். “எங்களுக்கு எங்க ஐயா? அது பெரிய கோயில்லலா குடுத்தாங்க” என்றார்.

பிரியமானவர்களே, அன்றுதான் வகுப்பறைப் பலகையின் பொருள் எனக்கு விளங்கியது. கிளறாத பானையில் நான் சோறு பதம் பார்த்திருந்தேன். தொலைபேசி உள்ளவர்களை மட்டும் கேட்ட அந்தப் பத்திரிகையைப்போல், சுவரின் ஒரு பக்கத்தாரை மட்டுமே எங்கள் தாள் கேட்டிருந்தது. சுவரைப் பற்றிய கேள்வியோ, பத்தில் ஒன்றாகவும் இல்லை. இவற்றிற்கெல்லாம் மேலாக, தாளை நிரப்பினவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. அவர்கள் அறிந்த மட்டும் உண்மையையே எழுதினார்கள். தவறு, அந்த எண்ணுக்காக என் வாயை அடைத்துக்கொண்ட என்னிடம் இருந்தது. அமலேக்கியரோடு யுத்தம் முடிந்தபின் சவுல், தான் ஜனங்களுக்குப் பயந்ததாகச் சாமுவேலிடம் ஒப்புக்கொண்டான் அல்லவா? அந்த வசனத்தை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அன்று அது என் வாக்குமூலமாயிற்று.

சில வாரங்களுக்குப் பின் இழுப்பறையைத் திறந்து அந்தப் பிரசங்கத்தைச் செய்தேன். பிரசங்கம் முடியுமுன்பே சிலர் எழுந்து வெளியே போனார்கள். சில குடும்பங்கள் பல மாதங்கள் ஆலயத்துக்கு வரவில்லை. மறுஆண்டு யாரும் கருத்துத் தாள் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எனக்கு 29 வந்திருக்கும். நான் அங்கிருந்து மாற்றலாகி வருவதற்குச் சற்று முன், கமிட்டியார் நீண்ட விவாதத்துக்குப் பின் சுவரில் ஒரு வாசல் திறக்கச் சம்மதித்தார்கள். சுவர் இன்னும் நிற்கிறது. அந்த அம்மா மரித்தபோது அந்த வாசல் வழியாக மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோனார்களா என்று நான் விசாரித்தேன். கொண்டுபோகவில்லை, கணவருக்கு அருகிலேயே வைக்கும்படி அவரே கேட்டிருந்தாராம்.

இதை எழுதும்போது ரெகொபெயாமையும் நினைக்கிறேன். சவுல் ஜனங்களுக்குப் பயந்து கெட்டான். ரெகொபெயாம் அவர்களை அசட்டை பண்ணிக் கெட்டான். பாரச்சுமையைக் குறைக்கும்படி மக்கள் கேட்டபோது, அவன் மூன்று நாள் தவணை வாங்கினான், முதியோரைக் கேட்டான், வாலிபரையும் கேட்டான். முதியோர், நீ இந்த மக்களுக்கு ஊழியனாயிரு என்று நல்ல ஆலோசனை கூறினார்கள். அவன் கடினமான பதிலையே தெரிந்துகொண்டான். பத்துக் கோத்திரங்கள் பிரிந்துபோயின. ஆகையால், ஜனங்களின் எண்ணத்தை அறிய வேண்டியது தலைவனுடைய கடமை. கொரியப் போரில் பிள்ளைகளை இழந்த தாய்மாரும் ட்ரூமனின் 22-க்குப் பின்னே இருந்தார்கள். அவர்களுடைய வேதனையும் உண்மையானதே. எண்ணைக் கேட்டபின், இதன் பின்னே அழுகிறவர்கள் யார், இதில் கேட்கப்படாதவர்கள் யார், நான் செய்தது நீதியா என்று விசாரிப்பதே தலைவனுக்கு மிஞ்சியிருக்கும் வேலை. அந்த வேலையை எந்தக் கணிப்பும் நமக்காகச் செய்யாது.

நம்மில் பலர் ஏதோ ஒரு வகையில் தலைவர்கள்தாம். பள்ளியில், அலுவலகத்தில், சங்கங்களில், குடும்பத்தில் நம்மை அளக்கிறார்கள். நல்ல எண் வந்தால் தேவனுக்கு நன்றி சொல்லுங்கள். அதை இரவில் இரண்டாம் முறை எண்ணிப்பார்க்க வேண்டாம். குறைந்த எண் வந்தால், முதலில் அதில் உள்ள நியாயத்தைத் தேடுங்கள். நியாயம் இல்லையென்று ஜெபத்தில் கண்டால் மட்டும் உறுதியாய் நில்லுங்கள். உங்களிடம் யாராவது ஒரு அதிகாரியைக் குறித்தோ, அமைச்சரைக் குறித்தோ, உங்கள் போதகரைக் குறித்தோ கருத்துக் கேட்டால், ஆளைப் பார்த்துச் சொல்லாமல் அவர் செய்த வேலையைப் பார்த்துச் சொல்லுங்கள். ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்கும்படி பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு எழுதினபோது, மக்களின் ஆதரவு பெற்றவர்களுக்காக மட்டும் என்று அதற்கு ஒரு நிபந்தனை வைக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இந்தச் சபையிலும் நம் கமிட்டியார் விரைவில் அப்படி ஒரு தாள் கொடுக்க விரும்புவதாக அறிகிறேன். மகிழ்ச்சியோடு வரவேற்கிறேன். ஒரே ஒரு விண்ணப்பம்: கிளைச் சபைகள் மூன்றிலும், வீட்டோடு படுத்திருக்கும் முதியோரிடமும் அதைக் கொண்டுபோங்கள். கடைசியில் ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: போதகர் எதைப் பேசாமல் இருக்கிறார்?

ஜெபம்: எங்கள் இருதயங்களை ஆராய்கிற பிதாவே, மனிதர் எங்களுக்குத் தரும் எண்ணுக்காக நாங்கள் சத்தியத்தை மறைத்த வேளைகளை எங்களுக்கு மன்னியும். எங்களை ஆளுகிறவர்களுக்கு ஏழைகளின் குரலைக் கேட்கும் செவியையும், நீதியானதைச் செய்யும் துணிவையும் தாரும். எங்கள் நடுவே இன்னும் நிற்கிற சுவர்களை எங்களுக்குக் காண்பியும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்